நீண்ட வாக்கியத்தில் எழுவாயும் வினைமுற்றும் ஒத்துப்போக வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"அவன் வந்தாள்" என்று யாரும் எழுதுவதில்லை. இரண்டு சொல் வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் தப்பு உடனே கண்ணில் குத்திவிடும். சிக்கல் எல்லாம் நடுவில் இருபது சொற்கள் புகுந்த பிறகுதான் வருகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், எழுதுகிறவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் எந்தப் பெயரில் ஆரம்பித்தோம் என்பதை மறந்துவிடுகிறார், கடைசியாகக் காதில் விழுந்த பெயருக்கோ, அதிகம் மனதில் நின்ற பெயருக்கோ வினையை முடித்துவிடுகிறார்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஆற்றங்கரையில் குடியிருந்த கூலித் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பாத்திரங்களும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் இருந்த தகரப் பெட்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர்."

வேகமாகப் படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அடித்துச் செல்லப்பட்டவை பெட்டிகள். "செல்லப்பட்டனர்" என்று முடித்ததால் தொழிலாளர்களே ஆற்றோடு போய்விட்டார்கள். செய்தியில் இப்படி வந்தால் விபரீதம்.

செய்தி, கட்டுரை, அலுவலகக் கடிதம் என்று எதை எழுதினாலும் கீழே உள்ள வரிசையில் சரிபார்த்தால் இந்த வகைத் தவறுகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகப் பிழை திருத்த வருகிறவர்கள் பெரும்பாலும் நாலாவது படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதாவது எழுவாய் எது என்று முடிவு செய்யாமலே அது ஒருமையா பன்மையா என்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

எழுதி முடித்த பிரதி வேண்டும். எழுதும்போதே இதைச் செய்ய முயன்றால் எழுத்தும் ஓடாது, திருத்தமும் உருப்படாது.

விகுதிகள் மனதில் இருக்க வேண்டும். படர்க்கையில் ஐந்து: வந்தான், வந்தாள், வந்தார்கள் அல்லது வந்தனர், வந்தது, வந்தன. மரியாதைக்கு ஒருவரைச் சொல்லும் "வந்தார்" தனி. தன்மையில் வந்தேன், வந்தோம். முன்னிலையில் வந்தாய், வந்தீர்கள்.

இவற்றில் "வந்தன" மட்டும் பேச்சில் அநேகமாகக் கிடையாது. மாடு ஒன்று வந்தாலும் பத்து வந்தாலும் "வந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். அதனால்தான் எழுதும்போது அஃறிணைப் பன்மையில் கை தானாக "வந்தது" என்று போய்விடுகிறது. இலக்கணம் தெரியாமல் வரும் தவறு இல்லை இது, காதுப் பழக்கம். காதை நம்பாமல் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

1. கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள்

வாக்கியத்தின் தலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முற்றுப்புள்ளிக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். அது எழுவாய்க்குத் தகுந்தபடி மாறும் சொல்தானா?

வேண்டும், முடியும், கூடாது, உண்டு, இல்லை ஆகியவை யாருக்கும் எதற்கும் மாறுவதில்லை. "நான் வரவில்லை", "மாடுகள் வரவில்லை", "அமைச்சர்கள் வரவில்லை" எல்லாம் ஒன்றுதான். அஃறிணையில் எதிர்காலமும் அப்படியே: பறவை பறக்கும், பறவைகள் பறக்கும். இந்த வாக்கியங்களைத் தாண்டிப் போய்விடலாம். இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணமே பல வாக்கியங்கள் இங்கேயே கழிந்துவிடும் என்பதுதான்.

"மாட்டான், மாட்டாள், மாட்டார்கள்" மாறும், ஏமாந்துவிடாதீர்கள். "அல்ல" என்பதை இன்று எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். பழைய முறைப்படி அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. நீங்கள் எழுதும் இடம் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்துக்கொண்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் "அன்று"ம் "அல்ல"வும் ஒருமைக்கு வருவதுதான் அசிங்கம்.

2. வினையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்

அடித்துச் செல்லப்பட்டது யார்? எது? எவை? வினையிலிருந்து கேட்டால் ஒரே பதில்தான் வரும். வாக்கியத்தின் முதல் பெயரிலிருந்து தேடினால் நான்கு பெயர்கள் கை தூக்கும்.

பதில் சந்தேகமாக இருந்தால் வேற்றுமை உருபைப் பாருங்கள். ஐ, ஆல், கு, இல், உடைய, உடன் என்று எதுவாவது ஒட்டியிருந்தால் அது எழுவாய் ஆகாது. "அமைச்சர் அதிகாரிகளுடன் வந்தார்": அதிகாரிகள் இருபது பேர் இருந்தாலும் வினை அமைச்சருக்குத்தான். "ஊழியர்கள் உட்பட", "ஒருவரைத் தவிர" போன்றவையும் எழுவாயின் எண்ணிக்கையை மாற்றாது.

"கு" வரும் இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "அவருக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்", "அவருக்கு இரண்டு வீடுகள் இருக்கின்றன". வாக்கியம் அவரைப் பற்றியதாக இருந்தாலும் வினை பிள்ளைகளையும் வீடுகளையும் பார்த்துத்தான் முடியும். "அவருக்கு இரண்டு வீடுகள் இருக்கிறார்" என்று யாரும் எழுத மாட்டார்கள், சரி. ஆனால் "இருக்கிறது" என்று எழுதிவிடுவார்கள்.

உருபு இல்லாத பெயரெல்லாம் எழுவாய் என்றும் நினைத்துவிடக் கூடாது. "தொழிலாளர்கள் மரம் வெட்டினர்" என்பதில் மரத்துக்கு "ஐ" மறைந்து நிற்கிறது.

3. பெயரெச்சத் தொடர்களை அடைப்புக்குள் தள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. வாக்கியம் நீளமாவதே பெயரெச்சத்தால்தான். "வைத்திருந்த", "இருந்த" மாதிரி எச்சங்கள் பலவும் தமக்கென்று ஓர் எழுவாயை உள்ளே வைத்திருக்கும், அந்த உள் எழுவாய்தான் வெளியே வந்து வினைமுற்றைக் கெடுக்கிறது.

மேலே பார்த்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பிரதியில் பென்சிலால் அடைப்புக்குறி போடுங்கள்:

[ {ஆற்றங்கரையில் குடியிருந்த கூலித் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த} பாத்திரங்களும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் இருந்த ] தகரப் பெட்டிகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர்.

தொழிலாளர்களின் வேலை "வைத்திருந்த" என்பதோடு முடிந்துவிட்டது. பாத்திரங்கள், புத்தகங்களின் வேலை "இருந்த" என்பதோடு முடிந்தது. அடைப்புக்கு வெளியே மிஞ்சுவது "தகரப் பெட்டிகள் அடித்துச் செல்லப்பட்டனர்". இப்போது தப்பு பல்லிளிக்கிறது. "செல்லப்பட்டன" என்று திருத்திவிடலாம். ஒரே ஒரு பெட்டி என்றால் "செல்லப்பட்டது", உள்ளே எத்தனை பாத்திரம் இருந்தாலும்.

அடைப்பை எங்கே மூடுவது என்று தெரியவில்லையா? பெயரெச்சத்தைக் கண்டதும் மூடுங்கள். அதற்கு அடுத்து வரும் பெயர் வெளியே நிற்கும். எச்சத்துக்கும் பெயருக்கும் நடுவில் "பழைய", "இரண்டு" மாதிரிச் சொற்கள் வந்தால் அவை அந்தப் பெயரோடு சேரும்.

ஆறாம் வேற்றுமையும் இதே வேலையைச் செய்யும். "அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை உயர்ந்தன" என்று அடிக்கடி பார்க்கிறேன். உயர்ந்தது விலை, அதனால் "உயர்ந்தது". மூன்று பொருளுக்கும் தனித்தனி விலை என்று வாதாட நினைத்தால் "விலைகள் உயர்ந்தன" என்று எழுதுங்கள். பெயரை ஒருமையில் வைத்துவிட்டு வினையை மட்டும் பன்மையாக்க முடியாது.

4. மிஞ்சிய பெயர் ஒருமையா, பன்மையா

"கள்" இருந்தால் பன்மை, இல்லாவிட்டால் ஒருமை என்று எடுத்துக்கொண்டால் பல இடங்களில் ஓடும், சில இடங்களில் காலை வாரிவிடும்.

"ஒன்று", "ஒருவர்", "ஒருத்தி" கடைசியில் வந்தால் ஒருமை. "இடிந்து விழும் நிலையில் இருந்த வீடுகளில் ஒன்று நேற்று சரிந்தது." வீடுகள் "இல்" உருபோடு ஒதுங்கிவிட்டன.

"ஒவ்வொரு" என்பதும் ஒருமைதான். "ஒவ்வொரு மாணவரும் ஒரு மரக்கன்று நட்டார்." மனதுக்குள் நூறு மாணவர்கள் தெரிவதால் "நட்டனர்" என்று வந்துவிடும். பன்மைதான் வேண்டுமென்றால் "மாணவர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நட்டனர்" என்று எழுவாயை மாற்றிவிடுங்கள், வாக்கியமும் இயல்பாக இருக்கும்.

பாதி, பெரும்பகுதி போன்றவற்றில் எதில் பாதி என்று பார்க்க வேண்டும். "வீட்டில் பாதி இடிந்தது" என்றால் ஒரு வீடு. "பாதி வீடுகள் இடிந்தன" என்றால் தெருவே போய்விட்டது.

கூட்டத்தைக் குறிக்கும் பெயர்கள்: குழு, அரசு, காவல்துறை, நிர்வாகம், கூட்டம் எல்லாம் அஃறிணை ஒருமை. குழு முடிவெடுத்தது, கூட்டம் கலைந்தது. "இனர்", "ஆர்" சேர்ந்தால் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்: குழுவினர் முடிவெடுத்தனர், போலீசார் கலைத்தனர். "மக்கள்" எப்போதும் பலர்பால். ஒரே பத்தியில் "காவல்துறை விசாரித்து வருகிறது", "காவல்துறை தெரிவித்தனர்" என்று இரண்டும் வந்தால் இரண்டாவதைத் திருத்த வேண்டும்.

அளவும் பணமும் மொத்தமாக எண்ணப்படுவதால் ஒருமை. "இரண்டு லட்சம் ரூபாய் திருடு போனது", "பத்துப் பவுன் நகை திருடு போனது". ஆனால் "பத்து நகைகள் திருடு போயின", ஏனென்றால் அங்கே தனித்தனியாக எண்ணுகிறோம்.

எண்ணுப் பெயர் முன்னால் வந்து "கள்" விடுபட்டிருந்தால்? "நாற்பது தென்னை சாய்ந்தன". மரம், மாடு, தென்னை போன்ற அஃறிணைப் பெயர்கள் "கள்" இல்லாமலே பன்மையைச் சொல்லும், வினைதான் எண்ணைக் காட்டும். அதனால் இது சரி. "கள்" போட்டே எழுதினால் படிக்கிறவருக்கு யோசனை மிச்சம் என்பது என் கட்சி.

முழுத் தொடரே எழுவாயாக வந்தால் ஒருமை: "மாணவர்கள் தாமதமாக வருவது தொடர்கிறது". தொடர்வது மாணவர்கள் இல்லை, வருவது.

குழந்தை மட்டும் தனி விவகாரம். "குழந்தை அழுதது" என்பது எல்லோரும் எழுதுவது. பன்மையில் "குழந்தைகள் விளையாடினர்", "குழந்தைகள் விளையாடின" இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

5. பல பெயர்கள் சேர்ந்து எழுவாயாக வரும்போது

"உம்" போட்டு இணைத்தால் பன்மை. இடம் கலந்தால் தன்மைக்கு முதலிடம், அடுத்து முன்னிலை: நானும் அவனும் போனோம், நீயும் நானும் போனோம், நீயும் அவளும் போனீர்கள். இதில் குழப்பம் குறைவு, பேச்சிலும் இப்படித்தான் சொல்கிறோம்.

பட்டியல் நீண்டால் முடிவில் "ஆகியோர்" அல்லது "ஆகியவை" போடுங்கள். "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பேசினர்", "மா, பலா, வாழை ஆகியவை காய்த்தன". இந்தச் சொல் வினைக்குப் பக்கத்திலேயே நின்று எண்ணையும் திணையையும் சொல்லிவிடுவதால் எழுதுகிறவரும் தடுமாற மாட்டார்.

"அல்லது" வந்தால் இருவரில் ஒருவர்தான். "தலைவர் அல்லது செயலாளர் கையெழுத்திடுவார்". "நீயோ நானோ" என்று இடம் மாறினால் எந்த விகுதியும் பொருந்தாது. அங்கே முதல் படியில் பார்த்த மாறாத வினைகள் கைகொடுக்கும்: "நீயோ நானோ போக வேண்டும்."

உயர்திணையும் அஃறிணையும் கலந்தால்தான் உண்மையான தலைவலி. "வெள்ளத்தில் இரண்டு பேரும் நான்கு மாடுகளும்" என்று எழுதிவிட்டு எப்படி முடிப்பது? சிறப்பு, மிகுதி, இழிவு இவற்றில் ஏதாவது ஒன்றைக் காரணமாக வைத்து ஒரு முடிவு கொள்ளலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு "செல்லப்பட்டனர்" என்றால் மாடு உறுத்தும், "செல்லப்பட்டன" என்றால் மனிதர்கள் உறுத்துவார்கள். எழுவாயையே மாற்றிவிடுவதுதான் நல்ல வழி: "இரண்டு பேரையும் நான்கு மாடுகளையும் வெள்ளம் அடித்துச் சென்றது."

6. நடுவில் எழுவாய் மாறிவிட்டதா என்று பாருங்கள்

மேலே உள்ள ஐந்தும் சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டினால் காரணம் பெரும்பாலும் வினையெச்சமாக இருக்கும். உதாரணம்:

"நகராட்சி ஊழியர்கள் குப்பைகளை அள்ளி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொட்டப்பட்டது."

அள்ளியவர்கள் ஊழியர்கள், ஏற்றியவர்கள் ஊழியர்கள், கடைசி வினையில் மட்டும் குப்பை எழுவாயாகிவிட்டது. "அள்ளி", "ஏற்றி" போன்ற எச்சங்கள் வினைமுற்றின் எழுவாயையே தமக்கும் எதிர்பார்க்கும். ஆகவே "கொட்டினர்" என்று முடியுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள்: "குப்பைகள் அள்ளப்பட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே கொட்டப்பட்டன." முதல் வழிதான் படிக்க லேசாக இருக்கும்.

இதன் தம்பிதான் "இருவரைப் போலீசார் கைது செய்யப்பட்டனர்". போலீசார் கைது செய்தனர், அல்லது இருவர் கைது செய்யப்பட்டனர். இரண்டையும் ஒட்டுப்போட்டால் மாட்டிக்கொண்டவர்கள் போலீசாரே என்றாகிவிடும்.

இரண்டு எழுவாய் உண்மையிலேயே தேவைப்பட்டால் எச்சத்தை மாற்றுங்கள். "நிறைய மழை பெய்ததால் ஏரிகள் நிரம்பின" என்பதில் மழைக்கு "பெய்ததால்", ஏரிகளுக்கு "நிரம்பின". இடையில் "ஆல்" இருப்பதால் யாரும் யார் வழியிலும் குறுக்கே வரவில்லை.

7. வினையைத் திருத்தியதும் சுற்றியுள்ளவற்றைத் திருத்துங்கள்

எழுவாய் பன்மை என்று முடிவானால் வினைமுற்று மட்டும் மாறினால் போதாது. "ஊழியர்கள் தன் கோரிக்கையை" என்பது "தங்கள் கோரிக்கையை" ஆக வேண்டும். அடுத்த வாக்கியத்தில் "அது" என்று தொடங்கியிருந்தால் "அவை" ஆக்க வேண்டும். "இந்தப் பழங்கள் சுவையானது" என்பது "சுவையானவை". இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எழுவாய் உறுதியாகும் முன் இவற்றைத் தொட்டால் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

மரியாதை விகுதியும் இங்கேதான். "ஆர்" ஒருவருக்கு, "அனர்" பலருக்கு. "முதல்வர் அடிக்கல் நாட்டினர்" என்று எழுதினால் எத்தனை முதல்வர்கள் என்ற கேள்வி வரும். மேடைத் தமிழிலும் அழைப்பிதழ்களிலும் "தலைவர் அவர்கள் வருகிறார்கள்" என்பது மரபு, அதைத் திருத்தப் போகாதீர்கள். அடுத்த வரியில் அதே தலைவர் "பேசுவார்" என்று இறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பன்மை வினையைச் சரியான வடிவில் எழுதுங்கள்

தப்பைக் கண்டுபிடித்துவிட்டுத் திருத்தத்தில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. நிகழ்காலத்தில் "ஓடுகிறன" என்று ஒன்று கிடையாது, "ஓடுகின்றன". அதாவது "கிறது" பன்மையில் "கின்றன" ஆகும். "ஓடியது, பேசியது, விளங்கியது" போன்றவை "ஓடின, பேசின, விளங்கின" ஆகும். ஆனது ஆயின, போனது போயின, உள்ளது உள்ளன.

ஒரு எச்சரிக்கை. புதிதாகக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லா "பட்டது"களையும் மாற்றிவிடாதீர்கள். "மரங்கள் வெட்டப்பட்டதாக அதிகாரி சொன்னார்", "மரங்கள் வெட்டப்பட்டதால் நிழல் இல்லை", "மரங்கள் வெட்டப்பட்டது குறித்து விசாரணை நடக்கிறது". மூன்றும் சரி. இவை வினைமுற்று இல்லை, வெட்டப்பட்ட செயலைக் குறிக்கும் சொற்கள். "வெட்டப்பட்டனவாக" என்று யாரோ திருத்தியதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

9. கணினியில் தேடிப் பிடிப்பது

பத்துப் பக்கப் பிரதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடைப்புக்குறி போட நேரம் இருக்காது. அப்போது தேடல் பெட்டியில் "ப்பட்டது" என்று போட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். அப்புறம் "உள்ளது", அப்புறம் "கிறது". "நிவாரணப் பொருட்கள் வழங்கப்பட்டது", "மரக்கன்றுகள் நடப்பட்டது", "பல குறைகள் உள்ளது" மாதிரியான தவறுகள் இந்த மூன்று தேடலிலேயே அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

அதற்குப் பிறகு "னர்" என்று தேடுங்கள். "முன்னர்", "பின்னர்" எல்லாம் கூடவே வரும், தள்ளிவிட்டுப் போங்கள். தகரப் பெட்டிகளை ஆட்களாக்கும் தவறும், ஒரே முதல்வரைப் பலராக்கும் தவறும் இந்தத் தேடலில்தான் கிடைக்கும். நாலு தேடலிலும் சந்தேகமாக நின்ற வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்றாவது படிக்குப் போங்கள். அடைப்புக்குள் அடைப்பு மூன்று தாண்டினால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுங்கள்.